தாயின் தலையில் ஏற்றிய பழி: எரிக் ஷாப்லரின் வாழ்வும் பணியும்

(கல்மண்டபத்தில் நம் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழாவில் பெருமைகளைப் பேசுவது மரபு. 25 ஆண்டுகளில் நம் தெருக்களிலிருந்து எத்தனை பட்டதாரிகளை உருவாக்கினோம் என்னும் கணக்கைச் செயலாளர் வாசித்தளித்துவிட்டார். அந்த அறிக்கையில் இடம்பெறாத ஒரு பிள்ளையைப் பற்றி நாம் பேச விரும்புகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு தாய் தம் ஆறு வயது மகனைக் கைப்பிடித்து நம் மாலைப் பாடசாலைக்கு அழைத்து வந்தார். காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைத் தெருத்தெருவாகக் கூடையில் சுமந்து விற்பவர் அவர். பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. மின்விசிறி சுழல்வதையே பார்த்துக் கொண்டிருப்பான். துறைமுகத்து லாரி ஒலியெழுப்பினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். மூன்றாம் நாள் நாம் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டோம். "மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடுகிறதம்மா" என்று காரணம் சொன்னோம்.

நம் பாட்டன்மாரைப் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏற்ற மறுத்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். அண்ணல் அம்பேத்கர் சிறுவயதில் வீட்டிலிருந்து கொண்டுபோன கோணித்துணியை விரித்துத் தனியே அமர்ந்து படித்தார் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அந்தப் பிள்ளைக்கு நாம் கோணித்துணி விரிக்கும் இடத்தைக்கூடக் கொடுக்கவில்லை.

வாசலில் நின்று அந்தத் தாய் கேட்டது இதுதான்: "அய்யா, எல்லாரும் சொல்ற மாதிரி, வயித்துப் புள்ளையோட கிரகணத்தன்னிக்கு நான் வெளிய போனதுதான் காரணமா?"

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. விடை தேடிப் படித்தபோதுதான் எரிக் ஷாப்லர் என்னும் பேராசிரியரை அறிந்தோம்.

ஆட்டிசம் என்னும் இந்நிலையைத் தமிழில் மதியிறுக்கம் என்கிறார்கள். 'புறவுலகச் சிந்தனையற்றோர்' என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. அப்பெயரைச் சூட்டியவர் அப்பிள்ளைகளோடு ஒரு நாள் பொழுதையும் கழித்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறோம். லாரியின் ஒலி நம்மைவிடப் பத்து மடங்கு உறைப்பவனுக்கா புறவுலகம் இல்லை?

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளை ஆராய்ந்து இந்நிலையை விவரித்தார். அதற்குப் பின் கற்றறிந்தோரிடையே ஒரு கொடிய கருத்து வேரூன்றியது. தாயின் நெஞ்சில் ஈரம் இல்லாததால்தான் பிள்ளை தனக்குள் ஒடுங்கிப் போகிறது என்றார்கள். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்றே அத்தாய்மார்களுக்குப் பெயரிட்டார்கள். சிகாகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் இக்கருத்தை உலகெங்கும் பரப்பியவர். பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைப்பதே வைத்தியம் என்றார். நம் தெருவில் கிரகணம், செய்வினை, கண்ணேறு என்பார்கள். இப்போது கைப்பேசி கொடுத்ததால் என்கிறார்கள். அங்கே அதையே பெரிய நூலாக எழுதினார்கள். பழி விழுந்த இடம் இரண்டிலும் ஒன்றே.

அந்தச் சிகாகோவில் பயின்றவர்தாம் ஷாப்லர். 1927 பிப்ரவரி 8-ஆம் நாள் ஜெர்மனியின் ஃபூர்த் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1938-இல், நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறிய அக்குடும்பம் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரில் குடியேறியது. அப்போது அவருக்கு வயது 11. ஒரு தேசம் தன் துன்பங்களுக்கெல்லாம் ஓர் இனத்தின்மேல் பழி சுமத்தினால் என்ன நேரும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. பெட்டல்ஹைமும் நாஜி வதை முகாமில் அடைபட்டு மீண்ட யூதரே என்பது விந்தை. அவ்வனுபவத்தைக் கொண்டு பெட்டல்ஹைம் அப்பிள்ளைகளின் நிலையை முகாம் கைதிகளின் நிலையோடு ஒப்பிட்டார். ஷாப்லரோ பழி சுமந்த தாய்மாரிடம் தம்மைப் போன்றவர்களைக் கண்டார் என்று நாம் கருதுகிறோம். 1971-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே, இப்பெற்றோர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டார்கள் என்பதுதான்.

ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. அதில் மரபணுக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. தாயின் அன்புக் குறைவால் வருவது அன்று. இன்று உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு இது. அம்மா கேட்ட கேள்விக்கும் இதுவே விடை: கிரகணம் காரணமன்று.

பழியை நீக்கியதோடு அவர் நின்றிருந்தால் நாம் இங்கு அவரைப் பேச வேண்டியதில்லை. 1964-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1966-இல் ராபர்ட் ரைக்ளர் என்னும் மருத்துவரோடு ஓர் ஆராய்ச்சித் திட்டம் தொடங்கினார். அங்கே பெற்றோர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின் அமர்ந்து, பயிற்சியாளர் தம் பிள்ளைக்குக் கற்பிப்பதைப் பார்த்தனர். பிறகு அவர்கள் கற்பிக்க, பயிற்சியாளர்கள் கண்ணாடிக்குப் பின் அமர்ந்து பார்த்தனர். நோயின் காரணம் என்று தள்ளி வைக்கப்பட்ட தாய், உடன் சிகிச்சையாளர் ஆனாள். திட்டத்தின் நிதி முடியும் காலம் வந்தபோது அப்பெற்றோரே சட்டமன்ற உறுப்பினர்களிடம் சென்று வாதாடினார்கள். 1972-இல் அம்மாநிலச் சட்டமன்றம் 'டீச்' என்னும் பெயரில் அதை மாநிலம் முழுமைக்குமான அரசுத் திட்டமாக்கியது. மனுக் கொடுத்தே மின்விளக்கும் பள்ளிக்கூடமும் பெற்ற நமக்கு இது புதுமையன்று.

அவர் கற்பித்த முறைக்கு வருவோம். இப்பிள்ளைகளில் பலர் காதால் கேட்பதைக் காட்டிலும் கண்ணால் காண்பதை எளிதில் உணர்கிறார்கள். அடுத்து என்ன நேரும் என்று தெரியாத நிலையே அவர்களைக் கலங்கடிக்கிறது. ஆகவே சொல்லிப் புரியவைப்பதை விடக் காட்டிப் புரியவைக்க வேண்டும். இடத்தையும் நேரத்தையும் வேலையையும் ஒழுங்குபடுத்திக் கண்முன் வைக்க வேண்டும். ஒழுங்குபடுத்திய சூழலில் இப்பிள்ளைகள் மேலும் கவனத்தோடு கற்பதை 1971-இல் ஆய்ந்தே காட்டினார்.

பத்துக்குப் பத்தடி வீட்டில் இது நடக்குமா? நடக்கும். அறையின் ஒரு மூலையில் பிள்ளை சுவரைப் பார்த்து அமரட்டும். தெருவும் தொலைக்காட்சியும் கண்ணில் படக்கூடாது. இடப்பக்கம் மூன்று டப்பாக்கள். ஒன்றில் துணிக் கிளிப்புகள், ஒன்றில் கலந்து வைத்த மொச்சையும் கடலையும், ஒன்றில் மூடியோடு மூடி சேர்க்கும் பாட்டில்கள். வலப்பக்கம் ஒரு வெறுங்கூடை. அதுதான் 'முடிந்தது' கூடை. ஒவ்வொரு டப்பாவாக எடுத்துச் செய்து வலப்பக்கம் போடுவான். இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது. பிறகு அவனுக்குப் பிடித்தது கிடைக்கும். எவ்வளவு வேலை, எப்போது முடியும், அடுத்து என்ன என்னும் மூன்றுக்கும் யாரும் வாய்திறவாமலே விடை கிடைத்துவிடுகிறது. சுவரில் பல் துலக்குதல், குளியல், இட்டிலி, பை என்று வரிசையாகப் படங்கள் ஒட்டினால் காலைப்பொழுது அலறலின்றிக் கழியும். தலைவலி தரும் பயிற்சிக் கட்டணம் எதுவும் இதற்கு இல்லை.

ஷாப்லரின் முறை மந்திரமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பிற்கால ஆய்வுகள் சில துறைகளில் சிறு முன்னேற்றத்தையே காட்டின. அவரும் குணப்படுத்துவதாகச் சொன்னவரல்லர். 1987-இல் லோவாஸ் என்னும் அறிஞர், வாரம் 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஆனதாக அறிவித்தபோது, அம்முடிவை ஷாப்லர் கடுமையாக மறுத்தார். அவ்விவாதத்தில் எப்பக்கம் சாய்வது என்பதை அறிஞர்களுக்கு விடுவோம். வாரத்தில் 40 மணி நேரம் ஒரு பிள்ளையோடு அமரக்கூடிய மூட்டைத் தொழிலாளி இக்கல்மண்டபத்தில் எவருமில்லை.

ஷாப்லர் 2006 ஜூலை 7-ஆம் நாள் மறைந்தார். அவர் வலியுறுத்திய பெற்றோர் பங்கு இன்று நம் பக்கத்திலும் வேலை செய்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அதில் பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் மருத்துவர்களல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர்கள். பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதைப் படம் பிடித்து, அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். பிள்ளைகள் தாமாகத் தொடர்புகொள்ள முயல்வது கூடியது. பட்டம் பெறாதவரும் இதைக் கற்றுச் செய்யலாம் என்பதற்கு இது சான்று. நம் சென்னையிலேயே பி. ஜெயச்சந்திரன், வி. விமலா இருவரும் அறிவுவளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளுக்கென ஒரு மதிப்பீட்டு முறை வகுத்தார்கள். 18 துறைகள், துறைக்கு 20 திறன்கள், ஆக 360. சட்டை மாட்டுவது முதல் காசு எண்ணுவது வரை எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் ஏணி அது.

சட்டமும் நம் பக்கம் உள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமில்லை. 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றது. 40 விழுக்காட்டுக்குக் குறையாத பாதிப்பு எனச் சான்று பெற்ற பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை அண்மைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமையாகும். எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தாயோடு துணைக்குச் செல்ல இளைஞர் இருவர் வேண்டும். சான்றிதழுக்கு அலைந்து பழகியவர்கள் நீங்கள்.

பாடசாலையின் பின்னறையிலிருந்த பழைய நாற்காலிகளை அகற்றிவிட்டோம். ஒரு மேசையைச் சுவரோரம் போட்டாயிற்று. டப்பாக்களும் கூடையும் வந்துவிட்டன. சென்ற வாரம் அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், செய்தது தவறு என்று சொல்லிப் பிள்ளையை அழைத்தோம். "மூணு நாள்ல மறுபடியும் அனுப்பிட மாட்டீங்களே?" என்று கேட்டார். மாட்டோம் என்றோம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மீன் கூடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். சனிக்கிழமை மாலை 4 மணிக்கு அறையைத் திறந்து வைக்கிறோம்.