இழுத்த குழாயிடம் இரண்டாவது கேள்வி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெல்லிய உலோகக் குழாய்களைக் குளிர்நிலையில் இழுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள்! நான் ஐயம்பேட்டைக்காரன். ஜரிகை புழங்கும் ஊரில் பிறந்தவனுக்கு இது புதுச் சங்கதி இல்லை. வெள்ளிக் கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகள் வழியே இழுத்து இழுத்து மெல்லிசாக்குகிறார்கள். பிறகு தட்டையாக்கிப் பட்டு நூலின்மேல் சுற்றி, தங்க முலாம் பூசினால் ஜரிகை. கம்பிக்குப் பதிலாகக் குழாயை, சூடேற்றாமல், அதேபோல் இழுத்தால் எங்கள் தொழில். நம் பக்கத்திலேயே, ஆவடியில் ட்யூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா இத்தகைய குழாய்களைச் செய்கிறது. மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கிலும் ஷாக் அப்சார்பரிலும் இருப்பது இந்த வகைக் குழாய்தான்.

கம்பிக்கும் குழாய்க்கும் ஒரே வித்தியாசம், குழாய்க்கு உள்ளே ஒன்றும் இல்லை. சும்மா இழுத்தால் விட்டம் குறையும். சுவர் பெரும்பாலும் சற்றுத் தடித்துவிடும். சுவரும் மெலிய வேண்டுமென்றால் உள்ளே ஒரு பிளக் வைக்க வேண்டும். உதாரணமாக, 25 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள எஃகுக் குழாயை 22 மி.மீ. விட்டத்துக்கும் 1.6 மி.மீ. சுவருக்கும் இழுக்கிறோம். குறுக்குப் பரப்பு 29 சதவீதம் குறைகிறது. 1 மீட்டர் குழாய் 1.41 மீட்டராகிறது. ரொம்ப ஆசைப்பட்டு ஒரே இழுப்பில் மேலும் குறைக்கப் பார்த்தால், டையைத் தாண்டி வந்த மெல்லிய பகுதி இழுவிசையைத் தாங்காமல் அறுந்துவிடும்.

இப்போது இதையெல்லாம் கம்ப்யூட்டரில் மாதிரி அமைத்து முன்கூட்டியே கணக்கிடுகிறோம். மாதிரிக்கு நாம் கொடுக்க வேண்டியவை முக்கியமாக இரண்டு: உலோகத்தின் பலம், டைக்கும் குழாய்க்கும் இடையே உள்ள உராய்வு. பாஸ்பேட் பூச்சும் சோப்பும் போட்டிருந்தாலும் உராய்வு எவ்வளவு என்பதை நேரில் அளப்பது கடினம். ஆகவே, இழுவிசையை அளந்து, கணக்கு அதோடு ஒத்துப்போகும்வரை உராய்வை மாற்றிக்கொண்டே போவது வழக்கம். ஒத்துப்போனதும் 'மாதிரி சரி' என்று கையெழுத்து!

இங்கேதான் ஆபத்து. உலோகத்தின் பலத்தை அதிகமாகவும் உராய்வைக் குறைவாகவும் வைத்தால்கூட அதே இழுவிசை வரும். இரண்டு தவறுகள் சேர்ந்து ஒரு சரியான விடையைக் கொடுத்துவிடும். எனவே குழாயிடம் இரண்டாவது கேள்வி கேட்க வேண்டும். குழாயில் ஒரு துண்டு வெட்டி, நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அது வாய் திறக்கும். நான் சொன்ன 22 மி.மீ. குழாயின் விட்டம் வெறும் 0.2 மி.மீ. விரிந்தாலே, மேற்பரப்பில் 150 மெகாபாஸ்கலுக்கு மேல் தகைவு பூட்டிக் கிடந்தது என்று பொருள். அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் 15 கிலோ தொங்குகிற மாதிரி! மாதிரி இந்த எண்ணையும் முன்கூட்டிச் சொன்னதா? சொன்னால்தான் நம்பலாம்.

இது வீண் கவலை அல்ல. ஆங்கிலேயர் காலத்தில், இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. அவையும் குளிர்நிலையில் இழுத்துச் செய்த மெல்லிய உறைகள்தான். யாரும் தட்டவில்லை, அழுத்தவில்லை. உள்ளே தங்கிய தகைவும் லாயத்துக் காற்றிலிருந்த அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகியோர் விளக்கினர். செய்த பிறகு மிதமாகச் சூடாக்கித் தகைவைத் தணிப்பதே மருந்து.

கல்பாக்கத்தில் உள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலையின் எரிபொருள் குழாய்க்கு வெளிவிட்டம் 6.6 மி.மீ., சுவர் வெறும் 0.45 மி.மீ. அதற்குள் இருப்பது புளூட்டோனியம் கலந்த எரிபொருள். அங்கே 'கிட்டத்தட்ட சரி' என்ற பேச்சுக்கே இடமில்லை.

தம்பி தங்கைகளே, கம்ப்யூட்டர் திரையில் வரும் வண்ணப் படம் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிடாதீர்கள். நம் பட்டறையில் ஒரு ரம்பமும் மைக்ரோமீட்டரும் இருக்கின்றன. இரண்டாவது கேள்வியைக் கேட்க அவை போதும்.