ஆட்டத்தின் நடுவே திரை நின்றால்

விளையாட்டுப் போட்டிகளை இணையத்தின் வழியே தொலைக்காட்சித் திரையிற் பார்ப்பது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியின் பின்புறத்தில் விரலளவான சிறு கருவியொன்றைச் செருகி, அதிலே விளையாட்டுச் சேவையொன்றின் செயலியை நிறுவிவிட்டால், துபாயில் நடக்கும் துடுப்பாட்டமும் மன்செஸ்டரில் நடக்கும் உதைபந்தாட்டமும் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிடுகின்றன. ஆயின், கடைசிப் பந்துகள் வீசப்படும் வேளையிலேதான் திரையில் வட்டமொன்று சுழலத் தொடங்குகின்றது. அல்லது படம் கறுத்து ஒலி மாத்திரம் கேட்கின்றது. அல்லது செயலி தானாகவே மூடிக்கொள்கின்றது. இத்தகைய வேளையிற் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதுபற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

இஃது அற்ப விஷயமன்றோ என்று சிலர் எண்ணலாம். திரைப்படத்தை நாளைக்கும் பார்க்கலாம். ஆட்டத்தையோ அது நடக்கும் வேளையிற் பார்ப்பதே இன்பம். முடிவு தெரிந்தபின் பார்க்கும் ஆட்டம் ஆறிய சோறு போன்றது. வெளியே நடமாட இயலாத முதியவர் ஒருவருக்கு அந்த மூன்று மணி நேரமே அவ்வாரத்தின் திருவிழாவாக இருத்தலுங் கூடும். ஆதலினாலேயே தடை நேர்ந்தவுடன் மனம் பதறுகின்றது. அப்பதற்றத்திலே மனிதர் மூன்று காரியங்களைச் செய்கின்றனர். ரிமோட்டிலுள்ள பொத்தான்களையெல்லாம் அழுத்துகின்றனர். கருவியிலுள்ள யாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகின்றனர். இணையத்திற் கண்ட ஏதோவொரு தொலைபேசி இலக்கத்தை அழைக்கின்றனர். முதலாவதனால் நேரம் போகும். இரண்டாவதனால் ஆட்டமே போகும். மூன்றாவதனாற் பணமும் போகலாம். பழுது எங்கேயுள்ளது என்பதை முதலிலே அறிந்து, அதன் பின்னரே கைவைத்தல் வேண்டும்.

தோட்டத்துக்கு நீர் இறைப்பவர் இம்முறையை நன்கறிவர். கிணற்றிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து பாத்திக்கும் நீர் செல்கின்றது. கடைசிப் பாத்தி காய்ந்து கிடந்தால் அப்பாத்தியைக் கொத்திப் புரட்டுவார் எவருமிலர். வாய்க்கால் வழியே நடந்துசென்று, நீர் எவ்விடம் வரையில் வந்து நின்றிருக்கின்றது என்றே பார்ப்பர். இணையவழி வரும் ஆட்டமும் இவ்வாறு ஒரு வழியே வருவதுதான். மைதானத்திலுள்ள படப்பிடிப்புக் கருவிகளிலிருந்து சேவை நிறுவனத்தின் கணினிகளுக்கு வருகின்றது. அங்கிருந்து இணைய இணைப்பின் வழியே நம் வீட்டு ரவுட்டருக்கும், ரவுட்டரிலிருந்து வைஃபை அலையாகச் சிறு கருவிக்கும், கருவியிலிருந்து தொலைக்காட்சித் திரைக்கும் சேர்கின்றது. இவ்வழியில் எவ்விடத்திலும் அடைப்பு நேரலாம்.

இங்கே ஒரு நுட்பத்தையும் அறிந்துகொள்ளுதல் நன்று. நேரடி ஆட்டம் இடையறாத ஒழுக்காக வருவதன்று. சில வினாடி நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்பட்டே வருகின்றது. பல சேவைகளில் ஒரு துண்டின் நீளம் ஏறக்குறைய ஆறு வினாடி. செயலி அத்துண்டுகளிற் சிலவற்றை முன்கூட்டியே பெற்றுச் சேர்த்துவைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திரைக்கு விடுகின்றது. கிணற்றடித் தொட்டி போன்றது இச்சேமிப்பு. தொட்டிக்கு நீர் வருவது மந்தமானால், செயலி முதலிற் படத்தின் தெளிவைக் குறைத்துக்கொள்ளும். தொட்டி முற்றாக வற்றினாலோ வட்டம் சுழலும். ஆகவே, மங்கலான படம் பெரும்பாலும் இணைப்பின் வேகக் குறைவையே காட்டுகின்றது. அயல்வீட்டில் ஆரவாரம் எழுந்து அரை நிமிஷம் கழித்து நம் திரையில் விக்கெட் விழுவதும் இச்சேமிப்பின் விளைவேயன்றிப் பழுதன்று. அதனைத் திருத்த முற்படுதல் வீண் முயற்சி.

இனி, அடைப்பு இருக்குமிடத்தைக் கண்டறியும் வழியைக் கூறுகின்றேன். இதற்கு இரண்டு சோதனைகள் போதும். இரண்டு நிமிஷங்களும் போதும். முதலாவது: அதே கருவியில் வேறொரு செயலியைத் திறந்து ஏதேனும் ஒரு படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது: அதே விளையாட்டுச் செயலியைக் கைத்தொலைபேசியில் திறந்து பாருங்கள். கைத்தொலைபேசியை முதலில் வீட்டு வைஃபையிலும், பின்னர் தொலைபேசியின் சொந்த இணைப்பிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஆட்டம் எங்குமே வரவில்லையென்றால், பழுது சேவை நிறுவனத்திடத்தே இருத்தல் கூடும். தொலைபேசியின் சொந்த இணைப்பிலே வருகின்றது, வீட்டு வைஃபையில் எதுவுமே சரியாக வரவில்லையென்றால், பழுது வீட்டு இணைப்பில். கைத்தொலைபேசியில் இரு வழியாலும் ஆட்டம் வந்து, கருவியிலும் ஏனைய செயலிகள் நன்றாக ஓடினால், கருவியிலுள்ள அந்த ஒரு செயலியே குற்றவாளி.

பழுது சேவை நிறுவனத்திடத்தே என்று கண்டால், நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை. ஒன்றும் செய்யாதிருப்பதே அறிவுடைமை. பெரிய நிறுவனங்களுக்கும் இவ்விடர் நேர்ந்ததுண்டு. 2018-ஆம் ஆண்டு உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின்போது, அவுஸ்திரேலியாவில் ஆட்டங்களை இணையவழி காட்டிய ஒப்டஸ் நிறுவனத்தின் சேவை தொடக்க நாட்களிலேயே தடுமாறியது. அந்நாட்டுப் பிரதமராயிருந்த மல்கம் டேர்ன்புல்லே அந்நிறுவனத்தின் தலைவருடன் பேசும்படியாயிற்று, ஈற்றில் எஸ்.பி.எஸ். என்னும் பொதுத் தொலைக்காட்சி அவ்வாட்டங்களை ஒளிபரப்ப நேர்ந்தது. 2024 நவம்பர் 15-ஆந் திகதி மைக் டைசனும் ஜேக் போலும் மோதிய குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரடியாகக் காட்டியபோதும் பலருடைய திரைகள் நடுவே நின்றன. ஒரே வேளையில் ஆறரைக் கோடி இணைப்புகள் வரை சென்றன என்று அந்நிறுவனம் அறிவித்தது. அவ்விரு வேளைகளிலும் தத்தம் வீட்டுக் கருவிகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு என்ன பயன் கிட்டியிருக்கும்? மேலும், "இக்காட்சி உங்கள் பிரதேசத்திற் கிடைக்காது" என்று திரையில் எழுத்துத் தோன்றினால், அதுவும் பழுதன்று. ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுகின்றது. அவ்வாட்டத்துக்கான உரிமை நம் நாட்டில் வேறொருவரிடம் இருக்கின்றது என்பதே அதன் பொருள்.

பழுது வீட்டு இணைப்பில் என்று கண்டால், முதலில் இணையப் பொதியில் மிச்சம் உள்ளதா என்று பாருங்கள். தெளிவான படத்துக்கு வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து மெகாபிட் வேகம் வேண்டும். இவ்வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2.25 ஜிகாபைட் செலவாகும். இருபது பந்துப்பரிமாற்ற ஆட்டமொன்று மூன்றரை மணி நேரம் நடந்தால் எட்டு ஜிகாபைட்; எட்டு மணி நேரம் நீளும் ஒருநாள் ஆட்டத்துக்குப் பதினெட்டு. மாத இறுதியில் நடக்கும் ஆட்டத்தில் வட்டம் சுழல்வதற்கு இதுவே காரணமாயிருக்கலாம். அடுத்து, ரவுட்டரை மின்சாரத்திலிருந்து கழற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து மீண்டும் செருகுங்கள். வீட்டில் வேறெவரேனும் பெரிய கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தால் ஆட்டம் முடியும்வரை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

பல ரவுட்டர்கள் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. முன்னையது சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். ஆயினும் அயல்வீட்டு வைஃபைகளும் சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே எல்லையில் இயங்குவதால் இடையூறு மிகுதி. பின்னையது விரைவானது, ஆனாற் சுவர்களைக் கடக்கும்போது வலுவிழக்கும். ரவுட்டரும் தொலைக்காட்சியும் ஒரே அறையில் இருப்பின் பின்னையதே நன்று. கம்பி மூலம் இணைக்க வசதியுள்ள கருவியாயின் அதனினும் சிறந்த வழி வேறில்லை.

பழுது கருவியில் என்று கண்டால், இலேசான மருந்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகச் செல்லுதல் வேண்டும். முதலாவது, கருவியை மின்சாரத்திலிருந்து கழற்றிச் செருகுதல். ரிமோட்டால் அணைத்தல் போதாது. அதனாற் கருவி உறங்குகின்றதேயன்றி ஓய்வதில்லை. கழற்றும்போது மின்சாரம் எங்கிருந்து வருகின்றது என்றும் பாருங்கள். தொலைக்காட்சியின் சாதாரண யூ.எஸ்.பி. துவாரம் அரை அம்பியர் மின்னோட்டத்தையே தரவல்லது. இக்கருவிகளிற் பலவற்றுக்கு ஓர் அம்பியர் வேண்டும். கருவியுடன் வந்த மின்னேற்றியைச் சுவரிற் செருகிய மாத்திரத்தே தீர்ந்துபோகும் பழுதுகள் பலவுள. இரண்டாவது, அமைப்புகளுக்குச் சென்று அச்செயலியைத் தேர்ந்து, அதனை வலிந்து நிறுத்தி, அதன் தற்காலிகச் சேமிப்பை அழித்தல். இதனாற் கணக்கு விபரங்கள் அழியா. அதனருகிலேயே "தரவை அழி" என்று மற்றொரு பொத்தான் இருக்கும்; அதனை அழுத்தினாற் கடவுச்சொல்லை மீண்டும் கேட்கும். கடவுச்சொல் நினைவிலில்லாதவர் ஆட்டத்தின் நடுவே அதனைத் தொடலாகாது. மூன்றாவது, செயலிக்கும் கருவிக்கும் புதிய பதிப்பு வந்துள்ளதா என்று பார்த்தல். நான்காவது, கருவியின் திகதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்று பார்த்தல். கடிகாரம் பிழைத்தால், சேவையின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியற்றதெனக் கருவி எண்ணி, இணைய மறுத்துவிடும். ஐந்தாவது, செயலியை நீக்கி மீண்டும் நிறுவுதல். இச்சிறு கருவிகளிற் பல எட்டு ஜிகாபைட் கொள்ளளவே உடையன. பாவியாத செயலிகளை நீக்கி இடம் உண்டாக்குவதும் பயன் தரும்.

படம் கறுத்து ஒலி மாத்திரம் கேட்டால், எச்.டி.எம்.ஐ. இணைப்பைக் கழற்றி, தொலைக்காட்சியின் வேறொரு துவாரத்திற் செருகிப் பாருங்கள். களவாகப் பதிவுசெய்வதைத் தடுக்கும் பொருட்டுக் கருவியும் திரையும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும் ஏற்பாடு ஒன்றுண்டு. அது தவறும்போதும் படம் மறைந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் ஈற்றிலே நிற்பதுதான் கருவியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்தல். அதனை முதலிற் செய்யலாகாது என்பதற்கு 2025 மார்ச் 9-ஆந் திகதி நடந்தது தக்க சான்றாகும். அன்று துபாயில் இந்தியாவும் நியூசிலாந்தும் சம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில் மோதின. அன்றைய தினமே, 2015-இல் வெளிவந்த கூகிளின் இரண்டாந் தலைமுறைக் குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் செயலிழந்தன. கருவியினுள் இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றின் தவணை முடிந்ததே காரணம். பாவனையாளரிடத்தே குற்றம் யாதுமில்லை. கருவியை மீட்டமைக்க வேண்டாம் என்று கூகிள் அறிவித்துச் சில நாட்களில் திருத்தத்தையும் அனுப்பிற்று. பொறுத்திருந்தவர்களின் கருவிகள் தாமாகவே உயிர்பெற்றன. அவசரப்பட்டு மீட்டமைத்தவர்களோ கருவியை மறுபடி நிறுவ முடியாது பின்னரும் அல்லற்பட்டனர்.

இனி, கள்வரைப்பற்றி ஒரு வார்த்தை. செயலியைக் கருவியுடன் இணைக்கும்போது, திரையிற் சிறு குறியீடொன்று தோன்றி, அதனை ஓர் இணைய முகவரியிற் பதியுமாறு கேட்கும். அம்முகவரியைத் திரையிற் கண்டவாறே எழுத்துக்கெழுத்துப் பதிதல் வேண்டும். தேடற்பொறியில் தேடினால், அச்சேவையின் பெயரைத் தாங்கிய போலிப் பக்கங்கள் வந்து நின்று, "இணைப்புக் கட்டணம்" என்று பணம் கேட்டல் கூடும். ரோக்கு நிறுவனம் தன் கருவிகளை இணைக்கக் கட்டணம் கேட்பதில்லையென்று பாவனையாளரை எச்சரித்துள்ளது. அவ்வாறே, தேடலிற் கிடைக்கும் உதவி இலக்கங்களை நம்பற்க. ஒருமுறைக் கடவுச்சொல்லையோ வங்கி அட்டையின் இலக்கத்தையோ தொலைபேசியிற் கேட்பவர் உதவ வந்தவர் அல்லர். சந்தாவின்றி எல்லா ஆட்டங்களையும் காட்டுவதாகக் கூறி விற்கப்படும் பெயரறியாப் பெட்டிகளையும் விலக்குதல் நன்று. அத்தகைய பெட்டிகளிற் சில தீய நிரல்களுடனேயே விற்கப்படுகின்றன என்று ஐக்கிய அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூன் மாதத்தில் எச்சரித்தது.

நேயர்களே, பெரிய ஆட்டத்துக்கு முதல் நாளே செயலியைத் திறந்து, புதிய பதிப்பை ஏற்று, கடவுச்சொல்லைச் சரிபார்த்து வைத்தல் மிக எளிது. வெளியூரில் வாழும் பிள்ளைகள், வீட்டிலிருக்கும் தாய் தந்தையருக்கு மேற்கூறிய இரண்டு சோதனைகளையும் ஒரு தாளிற் பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சியின் அருகே ஒட்டிவைத்தால், அது நள்ளிரவுத் தொலைபேசி அழைப்புகள் பலவற்றைத் தவிர்க்கும். முதியவர்கள் கள்வரிடம் சிக்காமலும் காக்கும்.

இத்தனையும் செய்தும் திரை அசையவில்லையாயின், வானொலியில் வருணனை ஒலிபரப்பாகும் ஆட்டமாயிருந்தால், வானொலியைத் திருப்புங்கள். அலைவழி வரும் அவ்வொலி துண்டு துண்டாக வெட்டப்பட்டு வருவதன்று; ஆதலின் அயல்வீட்டாரின் திரையில் விக்கெட் விழுமுன்னரே நீங்கள் அதனை அறிந்துவிடுதலுங் கூடும்.