மேய்ச்சலுக்கு ஒரு கணக்கு



1997 டிசம்பரில் அமெரிக்க வேளாண் துறை ஒரு வரைவு விதியை வெளியிட்டது. எந்த உணவை ஆர்கானிக் என்று சொல்லி விற்கலாம்? நாடு முழுமைக்குமான முதல் விதி அது. 1990-லேயே சட்டம் வந்துவிட்டது. வரைவு எழுத ஏழு ஆண்டு பிடித்தது. ஆவலோடு பிரித்துப் படித்தவர்கள் அதிர்ந்துபோனார்கள். மரபணு மாற்றிய பயிர், கதிர்வீச்சு செலுத்திய உணவு, நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் சேற்றை வயலுக்கு உரமாக்குவது, இந்த மூன்றுக்கும் வரைவு இடம் வைத்திருந்தது.

சிறு விவசாயிகள் எழுதினார்கள். கூட்டுறவுக் கடையில் காய்கறி வாங்குகிறவர்கள் எழுதினார்கள். துறைக்கு வந்து சேர்ந்த கருத்துகள் 2,75,603! மறு ஆண்டு மே மாதமே அமைச்சர் டான் கிளிக்மேன் மூன்றையும் கைவிடுவதாக அறிவித்தார். திருத்திய விதி 2002 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.

அதோடு வேலை முடிந்ததா? முடியவில்லை. பாலைப் பாருங்கள். பசுவுக்கு மேய்ச்சல் நிலம் இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. எத்தனை நாள் மேய வேண்டும், எவ்வளவு புல் தின்ன வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் பெரும் பண்ணைகள் உள்ளே வந்தன. ஆயிரக்கணக்கான மாடுகளைப் பட்டியில் அடைத்து, தீவனத்தைக் கொண்டுவந்து கொட்டி, கறந்த பாலுக்கு அதே ஆர்கானிக் முத்திரையைக் குத்தின. விஸ்கான்சினிலும் வெர்மான்ட்டிலும் சில பத்து மாடுகளை உண்மையிலேயே புல்வெளியில் மேய்த்த குடும்பங்கள் இவர்களோடு எப்படி விலையில் போட்டி போடும்?

விஸ்கான்சினில் 2004-ல் தொடங்கிய கார்னுகோபியா இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு புகார் மேல் புகார் கொடுத்தது. அதைவிட அருமையான ஒரு காரியமும் செய்தது. எந்த நிறுவனம் மாட்டை மேய்க்கிறது, எது மேய்க்கவில்லை என்று மதிப்பெண் பட்டியல் போட்டு, பால் வாங்குகிறவர்கள் கையில் கொடுத்தது. விவசாயியின் வழக்கு வாங்குகிறவரின் வழக்காகவும் ஆயிற்று. 2010 பிப்ரவரியில் விதியில் கணக்கு எழுதப்பட்டது: ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் மேய்ச்சல், மேய்ச்சல் பருவத்தில், உலர் எடைக் கணக்கில், தீவனத்தில் 30 சதவீதமாவது மேய்ந்து தின்றதாக இருக்க வேண்டும். இப்போது ஆய்வுக்குப் போகிறவர் எண்ணிப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம்.

எல்லாப் போராட்டமும் இப்படி வென்றுவிடவில்லை என்பதையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். மெய்ன் மாநிலத்தில் ப்ளூபெர்ரி விளைவித்த ஆர்தர் ஹார்வி, வக்கீல் இல்லாமல் தாமே வேளாண் துறைமீது வழக்குத் தொடர்ந்தார். பதப்படுத்திய ஆர்கானிக் உணவில் செயற்கைப் பொருள்களைச் சேர்ப்பது சட்டத்துக்குப் பொருந்தாது என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2005 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. அதே ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திவிட்டது! கோழி வெளியில் உலவ வேண்டும் என்ற விதியோ 2017-ல் வந்து, 2018-ல் திரும்பப் பெறப்பட்டு, 2023-ல்தான் மறுபடி வந்தது.

கடல் கடந்த கதை என்று இதை ஒதுக்க முடியாது. இந்தியாவின் மேற்பார்வையில் வழங்கிய ஆர்கானிக் சான்றை ஏற்கும் ஏற்பாட்டை 2021 ஜனவரியில் அமெரிக்கா முடித்துக்கொண்டது. அவகாசம் 2022 ஜூலையோடு தீர்ந்தது. அங்கே அனுப்ப வேண்டுமானால் இப்போது அந்நாட்டுத் துறை அங்கீகரித்த நிறுவனத்தின் சான்று வேண்டும்.

சான்றுக்கான செலவும் பதிவேடும் சின்னப் பண்ணையைத்தான் முதலில் அழுத்தும். அமெரிக்கச் சட்டம் ஆண்டுக்கு 5,000 டாலருக்குள் விற்பவருக்குச் சான்றிலிருந்து விலக்கு தந்தது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2017 விதிமுறையும், நேரடியாக விற்கும் சிறு உற்பத்தியாளருக்கு விலக்கு வைத்தது. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்வையிட்டுச் சான்று தரும் பங்கேற்பு முறையையும் ஏற்றது. இவை நிலைக்க வேண்டும், விரிய வேண்டும். ஆணையம் வரைவு வெளியிடும்போதெல்லாம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. அடுத்த வரைவு வரும்போது உழவர் சந்தையில் விற்பவரும் வாங்குபவரும் ஒன்றாக உட்கார்ந்து படித்து, தங்கள் கருத்தை எழுதி அனுப்பட்டும்.