குழந்தைகள் விழும் தரை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் மரச்செதிலைப் பற்றிப் பேச வந்திருக்கும் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து ரயில்வேயில் எழுத்தனாக அமர்ந்தவன் நான்.

நம் சங்கத்தின் பின்மனையில் சிறுவர்க்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் அமைப்பதெனச் செயற்குழு முடிவு செய்துள்ளது. மகிழ்ச்சி. ஆனால் அவற்றின் அடியில் சிமெண்டுத் தளம் போடலாம் என்று ஒரு கருத்து உலவுகிறது. அதை மறுக்கவே எழுந்தேன்.

சென்ற சித்திரையில் என் இளைய மகன் வேறோர் இடத்தில் சறுக்குமரத்தின் உச்சியினின்று சிமெண்டில் விழுந்தான். முழங்கை முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தான். கைக்குப் பதில் தலை பட்டிருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

ஆறரை அடி உயரத்தினின்று விழும் உடல் தரையைத் தொடுகையில் மணிக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். அவ்வேகம் எவ்வளவு தூரத்தில் அடங்குகிறது என்பதே கேள்வி. நிலையங்களில் சில தடங்களின் கடைசியில் மணல்மேடு குவித்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். நிற்காமல் வரும் வண்டி அதில் புதைந்து சிறிது சிறிதாக நிற்கும். சிமெண்டு அவ்வாறு இடங்கொடாது. நம் பெங்களூர்ச் செம்மண்ணும் கோடையில் கல்லாக இறுகிவிடும்.

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டில் ஒரு பட்டியல் உண்டு. 9 அங்குல மணல் 4 அடி உயர வீழ்ச்சிக்கே போதுமாம். அதே 9 அங்குல மரச்செதில் 10 அடி வரை தாங்குமாம். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, இடையே காற்றை வைத்துக்கொண்டு, விழுவோரை மெல்ல வாங்கிக்கொள்கின்றன. ஆனால் நாளடைவில் அவை கால் பங்கு அமுங்கிவிடும். ஆகையால் 9 அங்குலம் வேண்டுமெனில் 12 அங்குலம் கொட்ட வேண்டும். இருபதடிக்குப் பதினைந்தடி இடமாயின் 300 கன அடி.

மரத்தூள் மலிவாயிற்றே என்பீர்கள். நனைந்தால் களியாகும், காய்ந்தால் கண்ணில் பறக்கும். ஐரோப்பிய விதிகள் செதிலின் அளவை 5 முதல் 30 மில்லிமீட்டர் என்று வகுத்திருப்பது காரணத்தோடுதான்.

எந்த மரம் என்பது அதனினும் பெரிய கேள்வி. கழித்த ஸ்லீப்பர் கட்டைகளை அரைத்துப் போடலாமே என்று நண்பர் ஒருவர் என்னிடமே சொன்னார். கூடவே கூடாது! அவற்றுள் பல, நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் கிரியோசோட்டில் ஊறியவை. செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றிய மரமும் ஆகாது. அம்மருந்தை 1933-இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தவர் நம் நாட்டவரான சொந்தி காமேசம். கரையானுக்கு அது எமன். ஆயினும் ஆர்செனிக் குழந்தைகளின் கையில் ஒட்டும் என்ற அச்சத்தால், 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திற்கும் விளையாட்டுச் சாதனங்களுக்கும் அதனைக் கைவிட்டனர். ஆணி தைத்த பெட்டிப் பலகை, வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை, அரளிக் கிளை ஆகியவற்றையும் விலக்குக.

மழைக்கு முன் தெருக்களில் வெட்டித் தள்ளும் பச்சைக் கிளைகளைக் கேட்டு வாங்கிச் செதுக்கினால் போதும். ஐயமிருப்பின் மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது, அறிந்தவர்களிடம் கேட்கலாம்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். மருந்தில்லாத மரம் மக்கும், கரையான் தேடி வரும். செப்டம்பர் மழைக்கு அடியில் ஜல்லியும் அதன்மேல் வடிகட்டும் துணியும் இல்லையேல் நீர் தேங்கும். ஊஞ்சலின் கீழ் குழந்தைகளின் கால்கள் செதிலை ஒதுக்கிக் குழியாக்கிவிடும். வாரந்தோறும் வாரிச் சமன்செய்து, அவ்வப்போது புதிதாகச் சேர்க்க வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் சக்கர நாற்காலியில் வருகிறாள். தளர்ந்த செதிலில் சக்கரம் புதையும். அவளுக்கென வாயிலிலிருந்து ஊஞ்சல் வரை கெட்டியான நடைபாதை ஒன்று வேண்டும். அதற்குச் சிமெண்டு இருக்கட்டும். அங்கே யாரும் உயரத்தினின்று விழுவதில்லை.

வாருவது யார் என்று செயலாளர் கேட்பார். ஞாயிறு காலையில் எனக்கு அலுவல் இல்லை. ஒரு மண்வாரி மட்டும் சங்கம் வாங்கித் தரட்டும்.