பிடித்த பிறகு என்ன?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை)

 

பரிசு மேசையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளிடம் நீண்ட அறிவுரை எடுபடாது. ஆகவே ஒரு கதை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். குதிரை, துப்பாக்கி, கொள்ளைக்காரன் எல்லாம் உள்ள கதை. கண்ணால் பார்க்கும் கதையல்ல, காதால் கேட்ட கதை.

இன்று அடுக்குமாடிகளும் ரயிலும் நிறைந்திருக்கும் இந்தப் பொங்கோல் வட்டாரம், ஒரு காலத்தில் பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் ரப்பர் மரமும் மீன்பிடிப் படகுமாக இருந்தது. அந்தக் காலத்தில் பொழுதுபோக்கு என்றால் வானொலிதான். 1949ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ரீடிஃபியூஷன் என்னும் நிறுவனம் கம்பி வழியாக ஒலிபரப்பத் தொடங்கியது. ஏரியல் வேண்டாம், திருக வேண்டிய நிலையமும் இல்லை. சுவரில் ஒரு பெட்டி, மாதம் ஐந்து வெள்ளி, அவ்வளவுதான். லீ டாய் சோர் என்னும் கதைசொல்லி கான்டனீஸ் மொழியில் கதை சொல்லும் நேரத்தில், கோப்பிக்கடையில் கோப்பி ஆறிப் போவதுகூடத் தெரியாமல் ஆட்கள் கேட்டுக்கிட்டு இருப்பார்கள். அந்த நிறுவனம் 2012ஆம் ஆண்டு ஒலிபரப்பை நிறுத்தியது. நம்ம தமிழ் வீடுகளிலும் வானொலி நாடகம் என்றால் அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்த காலம் அது.

அப்படிக் காதால் கேட்டு உலகமே மயங்கிய கதைகளில் ஒன்றுதான் "லோன் ரேஞ்சர்". தமிழில் "தனிக் காவலன்" என்று சொல்லலாம். 1933ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் ஒரு வானொலி நிலையம் அதைத் தொடங்கியது. ஜார்ஜ் டிரெண்டில் என்பவர் நிலையத்தின் முதலாளி. ஃபிரான் ஸ்டிரைக்கர் என்பவர் கதை எழுதியவர். டெட்ராய்ட் மோட்டார் வண்டிகள் செய்யும் நகரம். அப்போதோ பொருளாதாரம் படுத்துவிட்டிருந்தது. ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. ரப்பர் விலை விழுந்து நம்ம தோட்டங்களிலும் ஆட்குறைப்பு நடந்து, ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி ஊர் திரும்பியதும் அதே நெருக்கடியில்தான். வேலையில்லாத தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருக்க, பிள்ளை வானொலிப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்ட கதை இது.

கதை என்ன? ஆறு டெக்சாஸ் காவலர்கள் ஒரு கொள்ளைக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மலையிடுக்கில் போகிறார்கள். கூட்டத்தின் தலைவன் பெயர் புட்ச் கேவண்டிஷ். அவன் மறைந்திருந்து சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆறாமவன் குற்றுயிராகக் கிடந்தான். அவனைக் கண்டெடுத்துக் காப்பாற்றியவன் டோன்டோ என்னும் செவ்விந்தியன். பிழைத்தவன் முகமூடி அணிந்து, "சில்வர்" என்னும் வெள்ளைக் குதிரை ஏறி, ஊர் ஊராகக் கொள்ளையரைப் பிடிக்கப் போகிறான்.

இந்தக் கதையை வெறும் ஒலியாலேயே கட்டினார்கள் பிள்ளைகளே! அந்தக் கால வானொலி நாடகங்களில் குதிரை ஓடுகிற சத்தத்துக்கு நம்ம வீட்டுக் கொட்டாங்கச்சியைத்தான் தட்டுவார்கள். இந்த நிலையத்திலோ கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர்க் கிண்ணத்தைச் சரளைக் கல்லில் குத்தியும் குளம்போசை உண்டாக்கினார்கள். டோன்டோ கதைக்குள் வந்த காரணமும் வேடிக்கையானது. தனியாகப் போகிறவன் யாரிடம் பேசுவான்? பேசாவிட்டால் கேட்பவருக்கு என்ன புரியும்? அதற்காகவே சில வாரம் கழித்து ஒரு தோழனைச் சேர்த்தார்கள். ஆனால் கதாநாயகனுக்கு இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தைக் கொடுத்துவிட்டு, தோழனுக்கு உடைந்த ஆங்கிலத்தைக் கொடுத்தார்கள். அந்தக் குறையைப் பின்னாளில் பலர் கண்டித்தார்கள். தோட்டத் தொழிலாளியைக் கொச்சை மொழி பேசவைத்துச் சிரிக்கும் நாடகங்களைக் கேட்ட நமக்கு அந்த வலி புரியும்.

அந்தக் கதாநாயகனுக்குச் சில விதிகள் இருந்தன. குடிக்க மாட்டான், புகைக்க மாட்டான். கொல்வதற்காகச் சுட மாட்டான். எதிரியின் கையிலிருந்து துப்பாக்கி விழும்படி சுடுவான். குண்டு வெள்ளியால் செய்தது. வெள்ளி விலை உயர்ந்தது, உயிரும் அப்படித்தான் என்று தனக்குத்தானே நினைவூட்டிக்கொள்வதற்காக! கொள்ளையனைப் பிடித்துச் சட்டத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டுப் போய்விடுவான். அரை மணி நேரத்தில் கதை முடியும். 1954ஆம் ஆண்டு வரை இருபத்தோரு ஆண்டுகள் இப்படியே நடந்தது.

"ஷோலே" படத்தைப் பார்த்த பெற்றோர் இங்கே பலர் இருப்பீர்கள். 1975இல் வந்த படம். கப்பார் சிங்கை உயிரோடு பிடித்துத் தரும்படிதான் தாக்கூர் கேட்கிறார். முதலில் எடுத்த முடிவில் தாக்கூரே கப்பாரைக் கொன்றுவிடுவார். தணிக்கைக் குழு அதை ஒப்புக்கொள்ளவில்லை. போலீஸ் வந்து கப்பாரைக் கொண்டு போவதாக மாற்றி எடுத்து வெளியிட்டார்கள். கை தட்டுவதற்குக் கொலை நல்லாத்தான் இருக்கும். ஊர் நடப்பதற்குச் சட்டம் வேண்டுமே!

இது வானொலிக்கும் சினிமாவுக்கும் சரி, நிஜத்தில் இப்படி ஒருவன் இருந்தானா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தார். பெயர் பாஸ் ரீவ்ஸ். 1838ஆம் ஆண்டு ஆர்கன்சாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தப்பியோடிச் செவ்விந்தியர் நாட்டில் வாழ்ந்து, அவர்கள் மொழியைக் கற்றவர். 1875ஆம் ஆண்டு துணை மார்ஷலாக, அதாவது கூட்டரசு நீதிமன்றத்தின் காவல் அதிகாரியாக, வேலைக்குச் சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி, மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பிடித்தார் என்று சொல்லப்படுகிறது. தனிக் காவலன் கதைக்கு இவரே மூலம் என்று சொல்வோரும் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் அவருடைய வாழ்க்கை கதையைவிடப் பெரியது.

ரீவ்ஸுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்டுகளை ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, எந்தத் தாளில் எந்தப் பெயர் என்று மனத்தில் பதித்துக்கொள்வார். ஒருமுறை கிழிந்த சட்டையும், குதிகால் இல்லாத செருப்பும், குண்டு துளைத்த தொப்பியுமாகப் பிச்சைக்காரன் வேடத்தில் பல மைல் நடந்து, இரண்டு கொள்ளைக்காரச் சகோதரர்களின் வீட்டுக்கே போனாராம். அவர்களுடைய தாய் இரக்கப்பட்டுச் சோறு போட்டாள். இரவு மகன்கள் தூங்கும்போது விலங்கு மாட்டி, காலையில் நடத்திக்கொண்டு புறப்பட்டார். அந்தத் தாய் வெகுதூரம் பின்னாலேயே வந்து திட்டிக்கொண்டே இருந்தாளாம். கொள்ளைக்காரனுக்கும் ஒரு தாய் உண்டு. வானொலிக் கதை அவளைப் பற்றி எப்போதாவது சொல்லியிருக்கிறதா?

துணை மார்ஷலுக்கு மாதச் சம்பளம் இல்லை. கைதியை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தால்தான் கூலி. செத்துப் போனால் கூலியும் போச்சு, அடக்கச் செலவும் தலையில் விழும்! உயிருக்கு மதிப்பு வைத்த ஒரு ஏற்பாடு அது. 1887ஆம் ஆண்டு, தம்முடைய சமையற்காரரைச் சுட்டுக் கொன்றதாக ரீவ்ஸே அதே நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றார். வழக்கை நடத்தி விடுதலை பெற்றார். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர், சட்டத்துக்கு முன்னால் தாமும் நின்றார்.

அடுத்தது கடினமான பகுதி. 1902ஆம் ஆண்டு அவருடைய மகன் பென்னி தன் மனைவியைக் கொன்றுவிட்டுத் தலைமறைவானான். அவனைப் பிடிக்கும் வாரண்டு வந்தது. வேறு யாரையாவது அனுப்பலாம் என்றபோது, "நானே போகிறேன்" என்று தகப்பன் புறப்பட்டார். மகனைப் பிடித்துவந்து நீதிமன்றத்தில் ஒப்படைத்தார். ஆயுள் தண்டனை. தகப்பன் 1910இல் கண்ணை மூடினார். மகன் சிறையிலிருந்து வெளியே வந்தது அதற்கும் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

பெற்றோர்களே, அந்தத் தகப்பனின் மனத்தை எண்ணிப் பாருங்கள். தப்பவைக்கப் பார்க்கவும் இல்லை, அவன் என் பிள்ளையே இல்லை என்று கைகழுவவும் இல்லை. கூடவே நடந்து போனார். பிள்ளை வழி தவறும்போது நாம் செய்யத்தக்கது அதுதான்.

நம் சிங்கப்பூரிலும் இந்தத் துரத்தல் நடந்திருக்கிறது. 1950களில் குண்டர் கும்பல்களால் மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. விசாரணையின்றித் தடுத்துவைக்கும் சட்டம் வந்தது. அப்படித் தடுத்துவைக்கப்பட்டவர்களைத் திருத்துவதற்காக 1960இல் புலாவ் செனாங் தீவுக்கு அனுப்பினார்கள். காடாகக் கிடந்த தீவை அவர்களே வெட்டித் திருத்திச் சாலையும் கட்டடமும் எழுப்பினார்கள். உழைப்பு மனிதனைத் திருத்தும் என்று நம்பினார் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன். 1963 ஜூலை 12ஆம் நாள் கலகம் வெடித்தது. கட்டியவர்களே கட்டியதைக் கொளுத்தினார்கள். டட்டனும் அவருடைய உதவியாளர்களும் கொல்லப்பட்டார்கள். வழக்கு நடந்து 18 பேருக்குத் தூக்கு. நல்ல நோக்கம் அப்படி முடிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான். பிடிப்பது பாதி வேலை. பிடித்தவனை மனிதனாகத் திரும்பக் கொண்டுவருவது மீதி வேலை. அந்த மீதி வேலைக்கு உழைப்பு மட்டும் போதாது. வெளியே தனக்காகக் காத்திருப்போர் உண்டு என்ற நம்பிக்கை வேண்டும். 2004ஆம் ஆண்டு தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் அந்த நம்பிக்கையைத்தான் கேட்கிறது. தண்டனை முடிந்து வருபவனுக்கு வேலை கொடுங்கள், வீட்டில் இடம் கொடுங்கள் என்கிறது. அரசாங்கம் மட்டும் செய்கிற காரியமா அது? அண்ணனும் அக்காளும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து செய்ய வேண்டியது.

மாணவச் செல்வங்களே! வம்புக்கு ஆள் சேர்க்கிறவன் முதலில் அன்பாகத்தான் பேசுவான். கோப்பி வாங்கிக் கொடுப்பான், "நீ நம்ம ஆளுடா" என்பான். அவன் கூப்பிடும்போது, வீட்டில் உனக்காகச் சாப்பாட்டை மூடிவைத்துக் காத்திருப்பவர்களை நினைத்துக்கொள். ஒருவேளை ஏதோ தவறு நடந்துவிட்டதா? ஓடாதே. அப்பாவிடம் சொல்லு, வாத்தியாரிடம் சொல்லு. எழுத்தறியாத ஒருவர் தாள் தாளாகப் பெயரை மனப்பாடம் செய்து கடமை ஆற்றினார். உங்களுக்கோ தமிழும் ஆங்கிலமும் கைவசம் இருக்கின்றன. அந்தக் கல்வி இந்தக் கோப்பையோடு நின்றுவிடக் கூடாது.

இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் பாராட்டு. பரிசு பெறாத பிள்ளைகளுக்கு என் இரட்டிப்பு அன்பு.