பாட்டு யாருக்குச் சொந்தம்?

(யூபிலி விழாவையொட்டி நார்த்தாமலையில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். இசை இலக்கணம் பேசினால் நீங்கள் உறங்கிவிடக் கூடும்; பந்தியும் தயாராகிக் கொண்டிருக்கிறது. ஆகவே நாம் அனைவரும் கேட்ட பாட்டுகளைக் கொண்டே ஒரு கேள்வி எழுப்புவோம். பாட்டை எழுதுபவர் ஒருவர், மெட்டமைப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர். ஆயினும் சில பாட்டுகளைக் கேட்டவுடன் பாடியவர் பெயர் மட்டுமே நம் நாவில் வருகிறதே, அது ஏன்?

பங்குனியில் நம் ஊர் முத்துமாரியம்மன் திருவிழா. நமக்கோ பெரும்பாலும் அது தவக்காலம். நோன்பும் சிலுவைப்பாதையுமாக நாம் இருக்கும் வாரங்களில்தான் ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாடல்கள் குன்றுகளில் மோதித் திரும்பி வருகின்றன. ‘கற்பூர நாயகியே’ பாட்டை நம் வீட்டுப் பிள்ளைகளும் முணுமுணுக்கிறார்கள். எழுதியவர் யார் என்று கேட்டால் விடை சொல்பவர் அரிது. பாடியவரைக் கேட்டால் குழந்தையும் சொல்லும்.

அந்த ஈஸ்வரி யார்? லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது அவருடைய இயற்பெயர். 1939இல் சென்னையில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் திரைப்படங்களில் குழுவில் ஒருவராகப் பாடியவர். மகளும் அவரோடு குழுவில் நின்றுதான் தொடங்கினார். 1958இல் வெளிவந்த ‘நல்ல இடத்து சம்பந்தம்’ படத்தில் கே.வி. மகாதேவன் அவருக்குத் தனி வாய்ப்பளித்தார். 1961இல் ‘பாசமலர்’ வந்தது. அதில் அவர் பாடிய ‘வாராயென் தோழி’ தமிழ்நாட்டின் திருமணப் பாட்டாகவே ஆகிவிட்டது. எழுதியவர் கண்ணதாசன், இசை விசுவநாதன்–இராமமூர்த்தி. நம் திருமண வரவேற்புகளிலும் அதைக் கேட்டிருக்கிறோம் அன்றோ?

“லூர்து மேரி அம்மனுக்குப் பாடலாமா?” என்று நம்மவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. திருவிழா நடத்துவோர் அவர் பிறந்த வீட்டை விசாரித்துவிட்டு இசைத்தட்டைச் சுழலவிடவில்லை. பம்பையும் உடுக்கையும் முழங்க, அவற்றுக்கு மேலே எழுந்து நிற்கும் திறந்த தொண்டை அவருடையது. அந்தப் பாட்டுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். சபரிமலையில் நடை சாத்தும் வேளையில் ஒலிக்கும் ‘ஹரிவராசனம்’ பதிவு கொச்சிக் கத்தோலிக்கரான அகஸ்டின் ஜோசப்பின் மகன் யேசுதாசின் குரல். 1975இல் வந்த ‘சுவாமி ஐயப்பன்’ படத்தின் வழியே அக்குரல் பரவியது. நாகூர் அனிபாவின் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை விரும்பிக் கேட்பவர்கள் இசுலாமியர் மட்டுமல்லர் என்பதையும் நாம் அறிவோம்.

இப்படி ஒரு குரலோடு ஒரு பாட்டு ஒட்டிக்கொள்வது எப்படி? நம் புதுக்கோட்டையில் பிறந்த பி.யு. சின்னப்பாவை (1916–1951) மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நாடக மேடையிலிருந்து வந்தவர். 1944இல் வெளியான ‘ஜகதலப்பிரதாபன்’ படத்தில் ஒரே காட்சியில் ஐந்து உருவங்களில் தோன்றி, தாமே பாடகராகவும் பக்க வாத்தியக்காரர்களாகவும் அமர்ந்து கச்சேரி செய்தார். அக்காலத்தில் நடிப்பவரே பாட வேண்டும். பாட்டு, முகம், குரல் மூன்றும் ஓர் ஆளிடமே இருந்தன. அவரிடமிருந்து பாட்டைப் பிரிப்பது எங்ஙனம்?

பின்னணிப் பாடல் வந்தபின் முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்றாயிற்று. இனிக் குரலுக்கு மதிப்புக் குறையும் என்று எதிர்பார்த்திருக்கலாம். நடந்தது வேறு. முகத்தின் துணையின்றிக் குரல் தனியே நின்றாக வேண்டியிருந்ததால் அதன் தனித்தன்மை கூடிற்று. இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் அதே மூச்சை, அதே குழைவை ஆயிரம் முறை திருப்பித் திருப்பிக் கேட்கச் செய்தன. அதன்பின் வேறு யார் பாடினாலும் காது பழைய குரலையே தேடுகிறது. இதே மாவட்டத்துக் குடுமியான்மலையில் 1,200 ஆண்டுகளுக்கு முன்பே சுரங்களைப் பாறையில் வெட்டி வைத்தார்கள். சுரம் நிற்கிறது, பாடிய குரல் எதுவென்று பாறைக்குத் தெரியாது.

இதில் இழப்பும் உண்டு. ஒலிபெருக்கி முழங்கும்போது ஊர்ப் பெண்கள் கும்மியில் பாடிவந்த பாட்டுகள் ஒதுங்கிவிடுகின்றன. நம் ஆலயத்திலும் அப்படியே. ஒலிநாடாவிலும் இப்போது கைப்பேசியிலும் கேட்டுப் பழகும் இளைஞர்கள், பாட்டைக் கற்பதோடு பாடியவரின் இருமலையும் சேர்த்துக் கற்கிறார்கள்! (சிரிக்க வேண்டாம், பாடற்குழுத் தம்பிமாரே.) நகல் எடுக்கும் குரலுக்கு எந்தப் பாட்டும் சொந்தமாவதில்லை என்பது நம் கருத்து.

ஊருக்குள்ளும் ஈஸ்வரிகள் உண்டு. புனித வெள்ளியன்று வியாகுலப் பிரசங்கத்தை இராகத்தோடு வாசிக்கும் பழக்கம் நம் பங்குகளில் இருந்துவந்தது. ஓர் ஊரில் அதை வாசிப்பவர் ஒருவராகவே இருப்பார். ஆண்டுதோறும் அவர் குரலில் கேட்டே மக்கள் அழுவார்கள். அவர் கண் மூடினால் நூல் இருக்கும், இராகம் போய்விடும். அக்குரலை இசைத்தட்டில் பதித்தவர் யாருமில்லை.

அவ்விராகம் தெரிந்த மூத்தோர் இப்பந்தலில் அமர்ந்திருக்கிறார்கள். பாடற்குழுவினர் வருகிற தவக்காலத்துக்கு முன் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அமருங்கள். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு அதை அணைத்து வைத்துவிட்டு, அவர்கள் முன்பாகவே உங்கள் குரலில் வாசித்துக் காட்டுங்கள். திருத்துவார்கள், திட்டவும் செய்வார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பந்திக்கு மணி அடித்துவிட்டார்கள்.