மணல் வளவும் மாரிக்குப் பின்னான தோட்டமும்



குளிர்நாட்டார் பனி உருகியபின் வசந்தத்தை எதிர்நோக்கித் தோட்டம் திருத்துவார்கள். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என நீளும் நமது கரையோரத்திலே பனியுமில்லை, வசந்தமுமில்லை. நமக்கு வாய்த்த வசந்தம் தை மாதமேயாகும். ஐப்பசியில் தொடங்கிய மாரிமழை ஓய்ந்து, வளவில் நின்ற வெள்ளம் வடிந்து, கிணறு நிறைந்திருக்கும் வேளை அது. அப்போது விதையிட்டவர், கச்சான் காற்று மண்ணைச் சுடத் தொடங்குமுன் காயும் கீரையும் பறித்துவிடலாம்.

ஆயினும் விதைக்குமுன் நாம் நிற்கும் மண்ணை அறிதல் வேண்டும். மேற்கே நமது வயல்கள் நீரைப் பிடித்து வைக்கும் நிலத்தில் உள்ளன. வீடுகளோ கடல் மணலின்மேல் உள்ளன. அந்த மணலில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், திரும்பிப் பார்க்குமுன் மறைந்துவிடும். எங்கே போயிற்று? நமது கிணற்றுக்கே போயிற்று. கரையோரத்திலே நிலத்தின் கீழ் உவர்நீர் கனத்துக் கிடக்க, அதன்மேல் மழைநீர் ஒரு மெல்லிய படையாக மிதக்கின்றது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து கிணறுகளை உப்பாக்கியபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. பொறிகளை வைத்து இறைக்க இறைக்க அடியிலிருந்து மேலும் உவரே ஏறியது. பின்னர் பெய்த மாரிமழைகளே கிணறுகளைத் தேற்றின.

உப்புக்கு வழிவிடும் மணல் யூரியாவுக்கும் வழிவிடும். களிமண்ணைப் போல் அது பசளையைப் பற்றி வைப்பதில்லை. வெண்டிக்கு இட்ட யூரியாவிற் செடி உண்டதுபோக எஞ்சியது நைத்திரேற்றாக மாறிக் குடிநீரில் இறங்கும். ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுதியானால், அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வலுவை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினாலும் நைத்திரேற்று நீங்காது.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளைக்கு ஒரேயடியாகத் தடை விதித்து, அவ்வாண்டு முடியுமுன்னரே அதனைத் தளர்த்தியதையும், நெல் விளைச்சல் வீழ்ந்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். வயலைப் பொறுத்தவரை அது பெரும் பிழை என்பதே என் கருத்து. ஆனால் கிணறும் தோட்டமும் ஒரே வேலிக்குள் இருக்கும் வளவுக்கு அதே தடையை நாமாகவே விதித்துக்கொள்வது நல்லது. 2022இல் வீட்டுத்தோட்டம் செய்யவென்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். ஜும்ஆ நாளில் நம்மவர் எவ்வளவு நேரம் மண்வெட்டி பிடித்திருப்பார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை!

சரி, மணலுக்கு எதைக் கொடுப்பது? பாத்தியை ஒரு முழ ஆழம் தோண்டி, அடியில் தென்னந்தும்புத் தூளைப் பரப்புங்கள். தூளை முன்கூட்டியே நீரில் ஊறவைத்துப் பிழிந்து, அதிலுள்ள உப்பைப் போக்கிவிடவேண்டும். அதன்மேல் மக்கிய வைக்கோலும் உலர்ந்த மாட்டெருவும், மேற்கே வயற்பக்கத்துக் களிமண் கிடைத்தால் அதிலும் இரண்டு கூடை சேர்த்துக் கலவுங்கள். மீன் கழிவு சிறந்த உரம். ஆனால் பச்சையாகப் புதைத்தால் பூனை கிளறிவிடும். இலைச்சருகுடன் குழியில் மூடி மக்கவிட்டே எடுக்கவேண்டும். அக்குழி கிணற்றிலிருந்து இயன்றவரை எட்டவே இருக்கட்டும். எருவும் அளவு மீறினால் கிணற்றைத்தான் சேரும். ஆட்டுக்கு எட்டாதபடி வேலியை அடைக்க மறவாதீர்கள்; நமது தெருக்களில் உலாவும் ஆடுகள் ஒரு பொழுதுக்குள் பாத்தியைத் துடைத்துவிடும்.

வெண்டி, கத்தரி, பயற்றை, கொச்சிக்காய் ஆகியவற்றைத் தையிலேயே இடலாம். பாகலுக்கும் புடோலுக்கும் பந்தல் போதும். பத்துப் பேர்ச் வளவிலே வீடு போக எஞ்சிய இடத்தை மேல்நோக்கியே பெருக்கவேண்டும். குளிர்நாட்டார் போற்றும் சிறுபழச் செடிகளுக்கு ஈடாக நமக்கு மணத்தக்காளி உண்டு. கறுத்துப் பழுத்தவற்றைச் சிறுவர் உண்ண, கீரை சட்டிக்கு வரும்.

வல்லாரையும் பொன்னாங்காணியும் இறம்பையும் ஈரம் விரும்புவன. அவற்றைத் தொலைவில் வைத்து, கோடையில் வாளி சுமந்து வருந்தவேண்டாம். கிணற்றடியில் வுழூச் செய்யும் நீர் நாளொன்றுக்கு ஐந்து வேளை வீணே மணலில் ஓடுகின்றது. சவர்க்காரம் கலவாத நீர் அது. ஒருவர் ஒருமுறை செலவிடுவது சிறிதாயினும், ஆறு பேர் வாழும் வீட்டில் அதுவே பல வாளியாகும். ஒரு சாண் அகலத்தில் சிறு வாய்க்கால் வெட்டி அதனை அந்தப் பாத்திக்குத் திருப்பிவிடுங்கள். நோன்புக் கஞ்சிக்கு வேண்டிய இறம்பை அங்கேயே தழைத்து நிற்கும்.